எட்டுக்கு எட்டு: சதுரத்துள் அடங்கிய எழுத்தும் அடங்காத எழுத்தும்

பழைய காணொளி விளையாட்டுகளை நினைவூட்டும் பிக்சல் எழுத்துரு இன்று சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் மீண்டும் உலவுகிறது. அதன் எளிமையை எல்லோரும் புகழ்கின்றனர். அந்த எளிமை எந்த வரிவடிவத்திற்கு வாய்த்தது என்பதை எவரும் கேட்பதில்லை.

1976ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அட்டாரி விளையாட்டு இயந்திரங்களில் தோன்றிய ஓர் எழுத்துரு, பின்னர் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தால் பெரும்புகழ் பெற்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் 8×8 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம். அதில் ஏழு புள்ளிகள் எழுத்துக்கு, எஞ்சிய ஒன்று இடைவெளிக்கு. நிமிர்கோடுகள் இரு புள்ளித் தடிமன் உடையவை. ஒற்றைப் புள்ளிக் கோடு அக்காலத் திரையில் மங்கிவிடும். இலத்தீனின் 26 பேரெழுத்துகளும் இச்சதுரத்துள் நெருக்கடியின்றி அமர்ந்தன.

ஜப்பானிய மொழிக்கு நிலைமை வேறு. 1983இல் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில், பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 சதுரங்களே கிடைத்தன. எழுத்தும் படமும் அவற்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கான்ஜி ஒன்றைத் தெளிவாக வரைய 16×16 புள்ளிகள், அதாவது நான்கு சதுரங்கள் தேவை. படங்களை முற்றிலும் நீக்கினாலும் 64 கான்ஜிகளுக்கே இடமுண்டு. 1981இல் அரசு வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுப் பட்டியலில் இருந்தவையோ 1945.

ஆகவே தொடக்ககால விளையாட்டுகள் பெரும்பாலும் ஒலியெழுத்தான கானாவிலேயே எழுதப்பட்டன. 'ஹஷி' என்பது பாலமா, உணவுக்குச்சியா, விளிம்பா என்பதைக் கான்ஜி காட்டிவிடும், கானா காட்டாது. சொற்களுக்கிடையே இடம்விடும் வழக்கமில்லாத மொழியில், பொருள் மயங்காதிருக்க இடைவெளி விட்டு எழுத வேண்டியதாயிற்று. குழந்தை நூல்களுக்குரிய எழுத்துமுறை அது.

1986இன் 'டிராகன் குவெஸ்ட்' நெருக்கடியின் எல்லை எனலாம். நினைவக இடத்தை மிச்சப்படுத்த, கட்டகானாவில் ஏறத்தாழ 20 எழுத்துகளே அதில் வைத்துக்கொள்ளப்பட்டன. பிறமொழிச் சாயலுள்ள அரக்கர் பெயர்கள் அவற்றைக் கொண்டே அமைய வேண்டியிருந்தது. ஒலிப்பை மாற்றும் இரட்டைக்கீற்றுக் குறிக்குச் சதுரத்துள் இடமின்றி, அது மேலுள்ள சதுரத்திற்கு ஏற்றப்பட்டது. இதனை வெறும் வறுமை என்று ஒதுக்குவது பிழை. கான்ஜி கல்லாத சிறுவர்க்கும் அக்கதைகள் திறந்தே கிடந்தன. எனினும் அது எழுத்தாளர் தேர்ந்த திறப்பு அன்று, கருவி விதித்தது.

நாம்கோ வடிவத்தைத் தழுவிய 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' இன்று கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலத்தீன், கிரேக்க, சிரில்லிக் வரிவடிவங்களுடன் கிடைக்கிறது. மறுபுறம், 'மிசாகி' என்னும் ஜப்பானிய எழுத்துரு அதே 8×8 சதுரத்துள் கான்ஜியையும் புகுத்துகிறது. ஏழு வரிசைகளில் நான்கு கிடைக்கோடுகளுக்கு மேல் தனித்தனியே தெரியா. மனச்சோர்வைக் குறிக்கும் 'உட்சு' என்ற எழுத்துக்கோ 29 கீற்றுகள். ஆகவே மிசாகி கீற்றுகளை உதிர்த்துவிடுகிறது; படிப்பவர் அருகிலுள்ள எழுத்துகளைக் கொண்டு அதனை ஊகித்தறிகின்றனர்.