பேங்க் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காரணுமா? திண்டுக்கல் பட்டதாரிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

வீட்டில் டிகிரி முடித்த பிள்ளை இருந்தால் போதும். திண்டுக்கல் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்தக் கேள்வி வந்துவிடும்: "பேங்க் எக்ஸாம் எதுவும் எழுதுறியாப்பா?" எழுதுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். நூலகத்தில் காலை முதல் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனால் கேள்வித்தாளில் தோற்பவர்கள் ஒரு பக்கம் என்றால், சான்றிதழிலும் செல்போன் கடனிலும் வாய்ப்பைத் தொலைப்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகைக்கு அடுத்த வருஷம் உண்டு. இரண்டாவது வகைக்குத்தான் வலி அதிகம்.

முதல் குழப்பம் பெயரில் ஆரம்பிக்கிறது. நாம் 'கிளார்க்', 'கேஷியர்' என்று தேடுவோம். அறிவிப்பில் அந்தப் பெயரே இருக்காது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ் நிறுவனம் இப்போது இதை 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்கிறது. ஸ்டேட் பேங்க் தனியாகத் தேர்வு நடத்துகிறது, அங்கே 'ஜூனியர் அசோசியேட்'. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியில் 'ஆபீஸ் அசிஸ்டென்ட்'. கூட்டுறவு வங்கியில் 'உதவியாளர்'. வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பணம் வாங்குவது, கொடுப்பது, கணக்கு திறப்பது, பாஸ்புக், நகைக்கடன் பேப்பர் எல்லாம்.

'அப்ரன்டிஸ்' என்று வரும் விளம்பரத்தை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அது உதவித்தொகையோடு குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் பயிற்சி. நிரந்தர வேலை கிடையாது.

ஆகஸ்ட் மாசத்தை மறக்காதீங்க

2025-ல் ஐ.பி.பி.எஸ் அறிவிப்பு ஆகஸ்ட் 1-ம் தேதி வந்தது, ஸ்டேட் பேங்க் அறிவிப்பு ஆகஸ்ட் 6-ம் தேதி. ஒரே வாரம்! முதல் அறிவிப்பின்படி ஐ.பி.பி.எஸ்-ஸில் நாடு முழுக்க 10,277 இடங்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 894. ஸ்டேட் பேங்கில் தமிழ்நாட்டுக்கு 380. இரண்டிலும் ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால் போட்டி தமிழ்நாட்டு இடங்களுக்கு மட்டுமே. ஆனால், திண்டுக்கல் கிளையே கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒட்டன்சத்திரமாகவும் இருக்கலாம், ஓசூராகவும் இருக்கலாம்.

வயது 20 முதல் 28. ஓ.பி.சி-க்கு 3 ஆண்டுகள், எஸ்.சி, எஸ்.டி-க்கு 5 ஆண்டுகள், மாற்றுத்திறனாளிகளுக்கு 10 ஆண்டுகள் தளர்வு. எந்த டிகிரியாக இருந்தாலும் சரி, பி.காம் அவசியமில்லை.

இங்கேதான் நம் ஊரில் பலர் தடுமாறுகிறார்கள். பள்ளியில் வாங்கிய பி.சி, எம்.பி.சி சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு 'ஓ.பி.சி' என்று டிக் அடித்துவிடுவார்கள். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு அது செல்லாது. 'கிரீமி லேயரில் இல்லை' என்ற வரியோடு, மத்திய அரசுப் படிவத்தில், தனியாக ஓ.பி.சி சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவும் அறிவிப்பு கேட்கும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். "எங்கப்பாவுக்குத் தோட்டம் இருக்கு, வருமானம் 8 லட்சத்தைத் தாண்டுமே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் அரசுப் பதவி, நிலத்தின் அளவு ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் எல்லா சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருக்காது என்பதால், அதையும் முன்பே பார்த்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

விண்ணப்பத்திலேயே இன்னொரு சின்னப் பொறி. உறுதிமொழியை ஆங்கிலத்தில், சொந்தக் கையெழுத்தில் எழுதி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். பிரவுசிங் சென்டர்காரர் எழுதித் தந்தாலும் சிக்கல்தான்.

34 செகண்ட் கணக்கு

பிரிலிம்ஸ் 100 கேள்விகள், ஒரு மணி நேரம். ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம் பூட்டு போட்டது மாதிரி. ஆங்கிலத்தில் மிச்சமான நேரத்தைக் கணக்குக்குக் கொண்டுபோக முடியாது. வகுத்துப் பார்த்தால் ஒரு கணக்குக்கு 34 செகண்ட். கணக்கெல்லாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்த சதவிகிதம், விகிதம், வட்டி, சராசரிதான். அதை 34 செகண்டில் போடுவதுதான் தேர்வு. தப்பான பதிலுக்குக் கால் மதிப்பெண் போகும்.

ஸ்டேட் பேங்குக்கும் ஐ.பி.பி.எஸ்-ஸுக்கும் இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஐ.பி.பி.எஸ்-ஸில் மூன்று பகுதியிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும். ஸ்டேட் பேங்கில் பகுதிவாரி கட்-ஆஃப் கிடையாது, மொத்தம்தான். ஆங்கிலம் கொஞ்சம் தகராறு, ஆனால் கணக்கில் புலி என்பவருக்கு ஸ்டேட் பேங்க் நல்ல வாய்ப்பு. கிராம வங்கித் தேர்வு இன்னும் வசதி. அங்கே பிரிலிம்ஸில் ஆங்கிலமே இல்லை. ரீசனிங், கணக்கு மட்டும் 80 கேள்விகள், 45 நிமிடம். ஆங்கிலம் மெயின்ஸில்தான் எட்டிப் பார்க்கும்.

பிரிலிம்ஸ் மதிப்பெண் உள்ளே நுழைய டிக்கெட் மாதிரி. இறுதிப் பட்டியலில் சேராது. தீர்மானிப்பது மெயின்ஸ் மட்டுமே. ஐ.பி.பி.எஸ் மெயின்ஸ் முன்பு 190 கேள்விகள், 160 நிமிடமாக இருந்தது. 2025 அறிவிப்பில் 155 கேள்விகள், 120 நிமிடம், 200 மதிப்பெண் என்று மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகத்தை அண்ணனிடமிருந்து வாங்கிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இதில் பொது மற்றும் நிதி விழிப்புணர்வுப் பகுதி 20 நிமிடத்தில் 50 மதிப்பெண் தருகிறது. தெரிந்தால் டிக், தெரியாவிட்டால் அடுத்த கேள்வி. கடைசி ஆறு மாத வங்கிச் செய்திகளை ஒழுங்காகப் படித்தவருக்கு மொத்தப் பரீட்சையிலும் மலிவான மதிப்பெண் இதுதான். ஆனாலும் பலர் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள்!

தமிழிலேயே எழுதலாம் என்பது இன்னமும் சிலருக்குத் தெரியவில்லை. 2021 ஜூலையில் ஆங்கிலம், இந்தி மட்டும் என்று வந்த ஐ.பி.பி.எஸ் அறிவிப்புக்குத் தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் எதிர்ப்பு கிளம்ப, தேர்வே நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி, தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வை நடத்த நிதியமைச்சகம் முடிவெடுத்தது. ஆங்கிலப் பகுதியைத் தவிர மற்றவற்றைத் தமிழில் எழுதலாம். பள்ளிப் படிப்பைத் தமிழ் மீடியத்தில் முடித்தவர்கள் தயங்காமல் எடுக்கலாம். இங்கிலீஷ் மீடியம்காரர்களுக்கு 'தனிவட்டி', 'கூட்டுவட்டி' என்று படித்துப் புரிவதற்குள்ளேயே பத்து செகண்ட் போய்விடும்.

தமிழ் எழுதப் படிக்கப் பேசத் தெரிந்திருப்பது கட்டாயம். ஸ்டேட் பேங்கில் பத்தாவது அல்லது பன்னிரண்டாவதில் தமிழ் படித்ததற்கான மார்க் ஷீட் காட்டினால் மொழித் தேர்வு கிடையாது. இரண்டாம் மொழியாக ஃபிரெஞ்ச் எடுத்து மார்க் அள்ளியவர்கள், உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

செல்போனில் மாக் டெஸ்ட் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை கம்ப்யூட்டரில். கட்டை விரலால் தட்டிப் பழகிவிட்டு, அங்கே போய் மவுஸைத் தேடினால் நேரம் கரையும். வாரத்துக்கு இரண்டு டெஸ்டாவது கம்ப்யூட்டரில் எழுதுங்கள். கோச்சிங்குக்குப் பணம் இல்லையா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசம். 'நான் முதல்வன்' திட்டத்தில் வங்கித் தேர்வுக்கு உண்டு உறைவிடப் பயிற்சியும், தாட்கோ மூலம் எஸ்.சி, எஸ்.டி இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சியும் அறிவிக்கிறார்கள்.

லோன் ஆப் வெச்ச வேட்டு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கிளார்க் வேலைக்கு நேர்முகத் தேர்வு 2016-லிருந்தே கிடையாது. அதனால் "மெயின்ஸ் பாஸ், இனி ஜாலி" என்று நினைப்போம். அங்கே நிற்கிறது உங்கள் கடன் வரலாறு.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2020-ல் ஸ்டேட் பேங்க் அறிவித்த அதிகாரி பணிக்கு ஒருவர் எல்லாக் கட்டத்திலும் தேறினார். 2021 மார்ச்சில் பணி ஆணை கையில் வந்தது. ஏப்ரலில் ரத்து! சிபில் அறிக்கையில் கடன், கிரெடிட் கார்டு பாக்கி வைத்த பதிவுகள் இருந்தன. கடனையெல்லாம் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கம் முக்கியம் என்று, வங்கியின் முடிவு சரியே என 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. அது அதிகாரி பணி. ஆனால், கடன் தவணை தவறியவர்கள் பணி நியமனத்துக்குத் தகுதியற்றவர்கள் என்ற அதே நிபந்தனை ஜூனியர் அசோசியேட் அறிவிப்பிலும் இருக்கிறது.

ஐ.பி.பி.எஸ் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. முன்பு சிபில் ஸ்கோர் 650-க்குக் குறையக் கூடாது என்று கேட்டது. பிறகு அந்த எண்ணை எடுத்துவிட்டது. அதற்காக முழு விடுதலை என்று நினைக்க வேண்டாம். பணியில் சேரும் முன் பதிவைச் சரிசெய்திருக்க வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரிடம் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கித் தர வேண்டும். இல்லையென்றால் ஆணையைத் திரும்பப் பெறலாம்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஆபத்து இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, செல்போன் வாங்கப் போட்ட ஈ.எம்.ஐ, 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' வகையறா, ஐயாயிரம் ரூபாய் லோன் ஆப். இரண்டு, எஞ்சினீயரிங் படிக்க வாங்கிய கல்விக்கடன். படிப்பு முடிந்து, சலுகைக் காலமும் முடிந்த பிறகு தவணை ஆரம்பிக்கும். வேலை கிடைக்கவில்லை என்று கட்டாமல் விட்டால், அதே காரணத்தால் வேலையும் கிடைக்காமல் போகும். கொடுமையான வட்டம்தான். கட்ட முடியாத நிலை என்றால் தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்க் காலநீட்டிப்பு, தவணை மாற்றம் பற்றி எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.

சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். அப்ளை பண்ணும்போதே பார்த்துவிடுங்கள். பாக்கியைப் பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும். முழுதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. தவறான பதிவு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அம்மா வாங்கிய குழுக் கடன் உங்கள் கணக்கில் வராது. ஆனால் நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால், அது வரும்.

கவுன்ட்டருக்கு உள்ளே

யு.பி.ஐ வந்துவிட்டது, கவுன்ட்டரில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், நிலக்கோட்டை பூ மார்க்கெட் பக்கம் உள்ள கிளைகளைப் பாருங்கள், தெரியும். சில்லறை நோட்டுக் கட்டுகளோடு வரிசை நிற்கும். நகைக்கடன் மேஜையும் ஓய்வதில்லை. பழநி மலைக்கோயில் உண்டியல் எண்ணிக்கைக்கு வங்கி ஊழியர்களும் போவார்கள்.

சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால், பொதுவாக அந்த கேஷியர்தான் கையிலிருந்து போட வேண்டும். கள்ளநோட்டு வந்தால் திருப்பிக் கொடுக்கக் கூடாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, கொண்டுவந்தவருக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் 4 நோட்டு வரை என்றால் மாதக் கடைசியில் போலீஸுக்கு மொத்தமாக அறிக்கை போகும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார். எதிரே நிற்பவர் தெரிந்த கடைக்காரராக இருப்பார், திட்டுவார். சமாளிக்கத் தெரிய வேண்டும்.

சம்பளம்? 2024 மார்ச்சில் கையெழுத்தான 12-வது இருதரப்பு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயில் தொடங்கி 64,480 வரை போகும். ஸ்டேட் பேங்கில் பட்டதாரிகளுக்கு இரண்டு ஊக்க ஊதியம் சேர்த்து 26,730-ல் ஆரம்பம். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. மும்பை போன்ற பெருநகரத்தில் மொத்தம் சுமார் 46,000 என்று ஸ்டேட் பேங்கே சொல்கிறது. திண்டுக்கல்லில் அதைவிடக் குறையும், ஆனால் வாடகையும் குறைவுதானே! 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, என்.பி.எஸ்-தான். ஜே.ஏ.ஐ.ஐ.பி, சி.ஏ.ஐ.ஐ.பி தேர்வுகளை முடித்தால் கூடுதல் ஊக்க ஊதியம் உண்டு, அதிகாரியாகப் பதவி உயர்வுத் தேர்வும் எழுதலாம்.

"மூணு லட்சம் குடு, பேங்க்ல போட்டுத் தர்றேன்" என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வே இல்லாத வேலைக்கு யாரிடம் போய் சிபாரிசு பண்ணுவார்? கட்ட வேண்டிய பணம் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே. 2025-ல் ஐ.பி.பி.எஸ்-ஸுக்குப் பொதுப் பிரிவு, ஓ.பி.சி-க்கு 850 ரூபாய், எஸ்.சி, எஸ்.டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 175. ஸ்டேட் பேங்கில் 750, எஸ்.சி, எஸ்.டி-க்கு இலவசம். வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும். வேறு மாதிரி முடிந்தால் லிங்க்கைத் தொடாதீர்கள்.

வயது தாண்டிவிட்டதா? கூட்டுறவு வங்கிப் பக்கம் பாருங்கள். திண்டுக்கல் மத்திய கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி உதவியாளர் இடங்களுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தேர்வு நடத்துகிறது. முந்தைய அறிவிப்புகளில் பி.சி, எம்.பி.சி, எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு மேல் வயது வரம்பே இல்லை. கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 85, நேர்முகத்துக்கு 15 என்ற விகிதத்தில் மதிப்பெண். டிகிரியோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு பயிற்சியில் சேர்ந்தால் நேரம் போதாமல் போகலாம் என்பதால், அந்த டிப்ளமோவை இப்போதே முடித்து வைத்துக்கொள்வது நல்லது.