கார்மேல் மடத்துப் படிக்கட்டு

பாரிஸ் மாநகரின் லுக்சம்பூர் பூங்காவை அடுத்துச் செல்லும் வோழிரார் வீதியில், 70ஆம் எண் வாயிலுக்குள் அடங்கியிருக்கிறது புனித யோசேப்பு ஆலயம். தேடிச் செல்வோர் மட்டுமே அதனைக் காண்பர். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நாங்கள் அங்குச் சென்றோம்.

காலணி அணியாக் கார்மேல் துறவியர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் இது. 1613இல் அரசி மரி தெ மெதிசி அடிக்கல் நாட்டினார். குவிமாடத்தின் உட்புறத்தில், இறைவாக்கினர் எலியா நெருப்புத் தேரில் விண்ணேகும் ஓவியம் இருக்கிறது. இத்துறவியர் மூலிகைகளை வடித்து மருந்துநீர் செய்து விற்றுப் புகழ்பெற்றவர்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, எங்களுக்குச் சற்றே சிரிப்பு வந்தது. தோட்டத்துப் பக்கம் இறங்கியதும் அச்சிரிப்பு அடங்கிவிட்டது.

அங்கே ஒரு சிறு கல் படிக்கட்டு. அதன் மேல் இரண்டே இலத்தீன் சொற்கள்: 'ஹிக் செசிதேருந்த்'. இங்கே வீழ்ந்தார்கள் என்பது பொருள்.

வீழ்ந்தவர்கள் யார்? பிரெஞ்சுப் புரட்சி என்றால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பள்ளியில் படித்தோம். மறைக்கல்வி வகுப்பிலோ அது திருச்சபையின் பகை என்று கேட்டோம். உண்மை இவ்விரண்டிலும் அடங்குவதாயில்லை. 1789 ஜூனில் குருகுலப் பிரதிநிதிகளின் அவையை விட்டு வெளியேறிப் பொதுமக்களின் பிரதிநிதிகளோடு சேர்ந்தவர்களுள் ஏழைப் பங்குக்குருக்கள் பலர் இருந்தனர். அவர்கள் துணை நின்றிராவிடில் அப்புரட்சி அவ்வளவு எளிதில் தொடங்கியிராது.

பிளவு பின்னர் வந்தது. 1790 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், ஆயர்களையும் பங்குக்குருக்களையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. அவ்வாக்காளர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டிய கட்டாயமுமில்லை. அதற்குக் கட்டுப்படுவதாகக் குருக்கள் ஆணையிட வேண்டும் என்று அவ்வாண்டு நவம்பரில் உத்தரவாயிற்று. பங்குக்குருக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆணையிட்டனர். அடிமை முறையை எதிர்த்து வாதாடிய குரு கிரகுவார் அவர்களுள் ஒருவர். அவரைக் கோழை என்று எவரும் சொல்லிவிட முடியாது. மறுத்தோர் பதவியிழந்தனர். 1791இல் திருத்தந்தை 6ஆம் பத்திநாதர் அச்சட்டத்தைக் கண்டித்தார்.

1792 ஆகஸ்டில் முடியாட்சி வீழ்ந்ததும், ஆணையிட மறுத்த குருக்கள் பலர் இக்கோயிலுக்குள்ளேயே அடைக்கப்பட்டனர். நாடு கடத்தப்படுவோம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். பிரஷ்யப் படை வெர்டன் கோட்டையை நெருக்குகிறது என்ற செய்தி பாரிஸில் பீதியைக் கிளப்பியது. செப்டம்பர் 2ஆம் நாள் பிற்பகல் கும்பல் ஒன்று தோட்டத்துக்குள் புகுந்து வெட்டத் தொடங்கிற்று. பிறகு நடைவழியில் மேசையொன்று போட்டார்கள். குருக்களைப் பெயர் சொல்லி அழைத்து, ஆணையிடச் சம்மதமா என்று கேட்டார்கள். இல்லை என்றவர் இப்படிக்கட்டில் இறங்கினார். கீழே வாளும் ஈட்டியும் காத்திருந்தன. ஆர்ல் பேராயர் தூ லோவும், ரோஷ்ஃபூக்கோ குடும்பத்து உடன்பிறப்புகளாகிய இரு ஆயர்களும் உட்பட ஏறத்தாழ 115 பேர் அன்று இங்கே மாண்டனர். அச்செப்டம்பர்ப் படுகொலைகளில் இறந்தவர்களுள் 191 பேருக்கு 1926 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அருளாளர் பட்டம் அளித்தார். அவர்களுள் 95 பேர் இம்மடத்தில் உயிர்நீத்தவர்கள்.

மேசையின் முன் நின்ற அந்த ஒரு நொடியைத்தான் எங்களால் கடந்து செல்ல முடியவில்லை. ஒரு சொல் போதும், உயிர் தப்பலாம். நாமாயிருந்தால்? எங்களுள் யாரும் வாய் திறக்கவில்லை.

மடத்தை 1797இல் விலைக்கு வாங்கி மீண்டும் வழிபாட்டுக்குத் திறந்தவர் கமீல் தெ சுவாயெக்கூர் என்னும் கார்மேல் கன்னியர். அவர் தந்தை இங்கே சிறையிருந்து, 1794இல் கில்லட்டினுக்குப் பலியானவர்.

நிலவறைக்கு இறங்கினோம். 1867இல் வீதி அமைக்கத் தோண்டியபோது கிடைத்த எலும்புகள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. மண்டையோடுகளில் வெட்டுக்காயங்கள் தெரிகின்றன. அவற்றுக்கு அருகிலேயே வேறொரு கல்லறை; அதன் மேல் நல்ல சமாரியர் ஓவியம். வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் தோழர்களோடு தொடங்கிய பிரெடெரிக் ஓசானாம் அங்கே துயில்கிறார்.

குருக்களைக் கொன்ற புரட்சியின் நினைவு மறையாத காலத்தில் வாழ்ந்தவர் அவர். ஆயினும் 1848இல் மீண்டும் புரட்சி வெடித்தபோது, திருச்சபை அஞ்சி ஒதுங்காமல் பாட்டாளி மக்களின் பக்கம் வரவேண்டும் என்று எழுதினார். அவ்வாண்டு ஜூனில் வேலையிழந்த தொழிலாளர் தெருக்களை அடைத்துப் போரிட்டனர். சமாதானம் பேசுமாறு பேராயர் ஆஃப்ரிடம் சென்று வேண்டியவர்களுள் ஓசானாமும் ஒருவர். பேராயர் இணங்கினார். 25ஆம் நாள் தடுப்பரண் அருகே சென்று நின்றபோது குண்டு பாய்ந்தது. 27ஆம் நாள் இறந்தார். அவரை அனுப்பிவைத்த ஓசானாமின் மனம் அந்நாள்களில் என்ன பாடுபட்டிருக்கும்! எனினும் ஏழைகளின் வழக்கை அவர் கைவிடவில்லை. 1853இல், 40 வயதில் காலமானார். 1997இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

எங்களுள் இருவர் தம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்கள்; வாரந்தோறும் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வருபவர்கள். மற்றவர்கள் படியேறிய பின்னும் அவர்கள் அங்கேயே முழந்தாளிட்டிருந்தனர். வழிகாட்டி விளக்கை அணைக்காமல் வாயிலில் காத்து நின்றார்.