ஸ்ரெப்ரெனிட்சா: மறுப்பை எதிர்கொள்ளக் கற்பித்தல்

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படையினர் கொன்றனர். இது இனப்படுகொலையே எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. ஆயினும், அவர்கள் போரில் மடிந்தவர்கள் என்னும் மறுப்பு ஓயவில்லை. சாதிப் படுகொலைகள் ‘இருதரப்பு மோதல்’ எனப் பதிவாவதைக் கண்ட நமக்கு இம்மொழி புதிதன்று.

மறுப்பு சில மாதங்களிலேயே தொடங்கிவிட்டது. கொன்றவர்கள் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, சடலங்களை வேறிடங்களில் மறைத்தனர். ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் கிடைத்தன. எனவே, எண்ணிக்கையை மனனம் செய்விப்பது போதாது என்கிறோம். போரில் மடிந்தவர்களெனில், பலருடைய கண்களும் கைகளும் கட்டப்பட்டிருந்தது ஏன்? தடயவியல் சான்றுகளை மாணவரிடம் கொடுத்து, இக்கேள்வியை அவர்களே எழுப்பவிட வேண்டும்.

மறுப்பைக் குற்றமாக்கும் சட்டம் 2021இல் அங்கு வந்தது. செர்பியர் ஆட்சிப் பகுதியின் பாடநூல்களிலோ ‘இனப்படுகொலை’ என்னும் சொல்லுக்கு இடமில்லை.