நீதிமன்ற ஏடுகளில் ஒரு முப்பாட்டன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜெர்மானிய வழிவந்த குடும்பங்கள் ஏராளம். தம் குலத்தின் முதல்வன் எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்து இறங்கினான் என்று தேடும் வழக்கமும் அவர்களிடையே நெடுநாளாக உண்டு. தேடுவோர் முதலில் நாடுவது மாதாகோயில் பதிவேட்டையே. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு கல்வி பயின்ற அதே ஹாலே நகரிலிருந்து, 1742-இல் முலன்பர்க் என்ற குரு பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் போன்றோர் கால் வைத்த ஊர்களில் ஞானஸ்நானக் குறிப்பும் திருமணக் குறிப்பும் கிடைக்கும். அதற்கு முந்தைய தலைமுறையினர் பலர் கோயிலும் குருவும் இல்லாத காட்டோரங்களில் குடியேறியவர்கள். மென்னோனைட்டு நெறியினரோ குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே செய்வதில்லை. அத்தகையோரைக் காட்டித் தருவது நீதிமன்றம்தான். யாருக்கும் கடன்படாமல், எவரோடும் பகைக்காமல், நிலமும் சேர்க்காமல் மாண்ட நல்லவனைக் கண்டுபிடிப்பது அரிது. அண்டை வீட்டானோடு வேலித் தகராறு செய்தவன் ஏட்டில் ஏறிவிடுகிறான்.

1683 அக்டோபரில் 'கான்கார்ட்' என்ற கப்பலில் கிரெபெல்ட் நகரத்து 13 குடும்பங்கள் பிலடெல்பியா வந்து சேர்ந்தன. அவர்களுள் பெரும்பாலோர் டச்சு மொழி பேசிய நெசவாளர். அவர்களுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே வந்துவிட்ட பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் என்ற சட்ட அறிஞரின் துணையோடு ஜெர்மன்டவுன் என்னும் ஊர் எழுந்தது. 1691 முதல் 1707 வரை அவ்வூருக்கெனத் தனி நீதிமன்றம் இருந்தது. பதவி ஏற்க விரும்புவோர் குறைந்ததும் அது மறைந்ததற்கு ஒரு காரணம். 1688-இல் அடிமை முறையை எதிர்த்து விண்ணப்பம் எழுதிய ஊர் அது. அங்கே பிறரைத் தண்டிக்கும் இருக்கையில் அமர மனச்சான்று இடந்தராதவர் பலர் இருந்ததில் வியப்பில்லை.

அந்த நீதிமன்றத்தின் ஏடு சுவை மிகுந்தது. முதற் குடிகளுள் ஒருவரான பீட்டர் கியூர்லிஸ் மீது, ஓர் ஆளுக்கு அரைநாளில் இவ்வளவுதான் மது விற்கலாம் என்ற ஊர்க்கட்டளையை மீறியதாகக் குற்றச்சாட்டு. குடிப்பவர்களால் அதற்கு மேலும் தாங்க முடிகிறபோது அக்கட்டளைக்குத் தம்மால் கீழ்ப்படிய இயலாது என்பது அவர் தந்த விடை. ஜார்ஜ் முல்லர் என்பவன் குடிவெறிக்காக 5 நாள் சிறை சென்றான். ஒரே நாளில் 100 குழாய்ப் புகையிலைக்கு மேல் புகைத்துக் காட்டுவதாகப் பந்தயம் கட்டிய வழக்கில், அவனுக்கு ஆணையைச் சேர்ப்பித்த காவலருக்கு 2 ஷில்லிங் கொடுக்க வேண்டியும் வந்தது. எந்தக் கல்லறைக் கல்லும் இப்படி ஒரு மனிதனைக் கண்முன் நிறுத்தாது. தம் முன்னோன் புனிதத்தை நாடிக் கடல் கடந்தவன் என்று கேட்டு வளர்ந்த பேரர்களுக்கு இத்தகைய வரிகள் சற்றுச் சங்கடம் தரலாம். ஆயினும் அவனை மனிதனாக்குவன அவையே.

ஏட்டைப் படிப்பதில் ஓர் இடறலும் உண்டு. 1752 வரை ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். தெய்வப் பெயர் கலந்த மாதப் பெயர்களை விலக்கிய குவேக்கர்கள் மார்ச்சை 'முதல் மாதம்' என்றே எழுதினர். ஆகவே '1703, பன்னிரண்டாம் மாதம்' என்பது இன்றைய கணக்கில் 1704 பிப்ரவரி. இதை அறியாதவர், தந்தை இறந்தபின் பிறந்த மகனை இறக்குமுன் பிறந்தவனாக்கிவிடுவர்.

பெருங்கூட்டம் வந்தது அடுத்த காலத்தில்தான். ரைன் ஆற்றங்கரையின் பாலட்டினேட்டுப் பகுதியிலிருந்து மக்கள் திரளாக வரக் கண்டு ஆளுநர் பாட்ரிக் கார்டனின் அரசு அஞ்சியது. அன்னிய மொழியினர் இத்தனை பேர் சேர்ந்தால் ஆட்சி என்னவாகும் என்ற அச்சம் அது. ஆகவே 1727 முதல், வந்திறங்கும் ஆண்கள் அரசருக்கு விசுவாசம் கூறிக் கையெழுத்திட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதற் பட்டியல் 'வில்லியம் அண்டு சாரா' கப்பலுக்குரியது. பாலட்டைன்கள் 109 பேர், குடும்பத்தாரோடு சேர்த்து ஏறத்தாழ 400 பேர் என்கிறது குறிப்பு. எஞ்சிய ஏறக்குறைய 300 பேருக்கு அங்கே பெயர் இல்லை. அவர்கள் பெண்களும் சிறுவர்களும்.

பின்னர் ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை உண்டாயின. ஒன்று மாலுமித் தலைவன் தந்தது. ஒன்று விசுவாசப் பிரமாணம். மற்றொன்று, இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வாரிசையும் போப்பாண்டவரின் அதிகாரத்தையும் மறுக்கும் பிரமாணம். அந்த வாரிசின் பெயரையே கேட்டறியாத உழவன் அவரை மறுத்துக் கையெழுத்திட்டான். முதற் பட்டியலில் இருப்பது ஆங்கிலச் செவி கேட்டு எழுதிய ஒலி. மற்ற இரண்டில் அவனே ஜெர்மானிய எழுத்தில் இட்ட ஒப்பம். முல்லர் 'மில்லர்' ஆனதும், தச்சன் என்று பொருள்படும் 'சிம்மர்மன்' மொழிபெயர்க்கப்பட்டுக் 'கார்ப்பெண்டர்' ஆனதும் இந்த மண்ணில்தான். வீட்டுக்கு வீடு யோகான் என்ற முன்பெயர் சூட்டி, அழைப்பதற்கு இரண்டாம் பெயரை வைத்துக்கொண்ட வழக்கம் வேறு குழப்பத்தைக் கூட்டுகிறது. கப்பல் பட்டியலின் யோகான் கேயார்க், நில வழக்கில் வெறும் ஜார்ஜ். இந்த முடிச்சை அவிழ்ப்பது கையெழுத்தின் சுழி ஒன்றே. 1856-இல் டேனியல் ரப் 30,000 பெயர்களைத் தொகுத்தளித்தது பெரும்பணி. எனினும், கையெழுத்துகளின் உருவையே ஒரு தொகுதியாக அச்சிட்ட ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே ஆகியோரின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பே தேடுவோர்க்குக் கண்ணானது.

கப்பற்கூலி செலுத்த இயலாதவர் சில ஆண்டு ஊழியத்துக்கு விற்கப்பட்டனர். ஓடிப்போனவர், இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 5 நாள் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றது 1700-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற ஏட்டில் ஒருவனது பெயர் முதன்முதலாகத் தோன்றுவது அந்தக் கணக்குக்காகவும் இருக்கலாம். அவனே பின்னர் நிலம் வாங்கியிருப்பான். அன்னியனது நிலம் பிள்ளைகளுக்குச் செல்லுமா என்ற ஐயம் அவனை மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஏழாண்டு வாசமும், மூன்று மாதத்துக்குள் நற்கருணை பெற்றதற்கான சான்றும் இருந்தால் குடியுரிமை தரலாம் என்று 1740-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. பிரமாணம் செய்ய மறுக்கும் குவேக்கருக்கு உறுதிமொழியே போதுமென விலக்கும் இருந்தது.

அவன் மனைவி ஏட்டில் தோன்றுவது அவன் இறந்த பின்னர். உயில் இன்றி மாண்டவனது சொத்து அனாதையர் நீதிமன்றத்துக்கு வரும். மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றவர்க்கு ஒவ்வொரு பங்கு என்று பிரிக்கும்போதுதான், அதுவரை எங்கும் எழுதப்படாத பெண்மக்களின் பெயர்கள் கணவன்மாரின் பெயர்களோடு வரிசையாக வருகின்றன. பதினான்கு வயது நிரம்பிய பிள்ளைகள் தம் பாதுகாவலரைத் தாமே தெரிந்தெடுத்த செய்தியும் அங்கே கிடைக்கும். சொத்து நிருவாகத்துக்கான பிணைப் பத்திரத்தில் கைம்பெண்ணின் பெயரை எழுத்தர் எழுதி, நடுவில் சிறிது இடம் விட்டிருப்பார். எழுதத் தெரியாதவளாயின் அந்த இடத்தில் அவள் இட்ட குறியும், அதைச் சுற்றி 'இது இவள் குறி' என்ற எழுத்தரின் இரு சொற்களும் இருக்கும்.