கரை ஒதுங்கும் ‘நீல டிராகன்’.. அழகா இருக்குன்னு கையில் எடுக்காதீங்க! அடையாளம் காண்பது எப்படி?

கடற்கரை மணலில் பளிச்சென்று நீல நிறத்தில் குட்டியாக ஏதாவது கிடந்தால், கையில் வைத்து போட்டோ எடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க.. அது ‘நீல டிராகன்’ ஆக இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையிலும் இவை கரை ஒதுங்கின.

நீல டிராகன் என்றால் என்ன?

பெயரில்தான் டிராகன். உண்மையில் இது ஓடு இல்லாத கடல் நத்தை. அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லான்டிகஸ். காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, கடலின் மேற்பரப்பில் மல்லாந்து மிதக்கும். காற்றும் அலையும்தான் இதைக் கரைக்குத் தள்ளுகின்றன.

எப்படி அடையாளம் காண்பது?

* அளவு: பெரும்பாலும் 3 செ.மீ.க்குள்தான் இருக்கும்.
* நிறம்: ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளி போன்ற சாம்பல். மிதக்கும்போது மேலே தெரியும் நீலப் பகுதிதான் அதன் வயிற்றுப்பக்கம்!
* உடல்: இருபுறமும் கைகள் போன்ற பகுதிகள், அவற்றின் நுனியில் விசிறி போல விரிந்த ‘விரல்கள்’. இந்த விரல்கள் ஒரே வரிசையில் இருக்கும். இதன் நெருங்கிய உறவான கிளாக்கஸ் மார்ஜினேட்டஸில் பல வரிசைகளாக இருக்கும்.
* மணலில் கிடக்கும்போது: சுருண்டு வெறும் நீல உருண்டை மாதிரி தெரியலாம்.

வட்டத் தட்டு போல இருந்தால் அது ‘நீல பட்டன்’. காற்றடைத்த பையும் நீண்ட நூல்களும் இருந்தால் ‘போர்ச்சுகீஸ் மேன் ஓ வார்’.

விஷம் எங்கிருந்து வருகிறது?

இதற்குச் சொந்த விஷம் கிடையாது. மேன் ஓ வாரைத் தின்று, அதன் கொட்டும் செல்களை அப்படியே தன் ‘விரல்’ நுனிகளில் சேமித்துக்கொள்ளும். அதனால் செத்துக் கிடந்தாலும் தொட்டால் கொட்டலாம்.

கொட்டிவிட்டால்?

கடல் நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ, மணலால் தேய்க்கவோ வேண்டாம். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், வாந்தி, நெஞ்சுவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்னொரு விஷயம்.. நீல டிராகன் தன் இரையோடு சேர்ந்தேதான் மிதந்து வரும். ஒன்றைப் பார்த்தால், பக்கத்திலேயே மேன் ஓ வாரும் இருக்கலாம். குழந்தைகளைச் செருப்பில்லாமல் அலையோரம் விளையாட விடாதீங்க. போட்டோ வேணும்னா தள்ளி நின்று எடுங்க!