தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்தது ஏன்? விழாமல் நிற்பது எப்படி?

தெலுக் இந்தான் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருவது சாய்ந்த கோபுரம்தான். வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றே மாடி. இது ஏன் சாய்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அயர்லாந்தில் இருக்கும் பழங்காலக் கோபுரங்களும் உதவுகின்றன.

எதற்காகக் கட்டினார்கள்?

1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் கட்டட ஒப்பந்தக்காரர் இதைக் கட்டினார். உயரம் சுமார் 25 மீட்டர். அப்போது ஊரின் பெயர் தெலுக் அன்சன். தெலுக் இந்தான் என்ற பெயர் 1982-இல்தான் திரும்பி வந்தது.

கோபுரத்தை அழகுக்காக மட்டும் கட்டவில்லை. வறட்சிக் காலத்துக்கும் தீ விபத்துக்கும் தேவையான தண்ணீரைச் சேமிக்க மேலே ஒரு தொட்டி வைத்தார்கள். ஊருக்கே நேரம் சொல்ல உச்சியில் கடிகாரமும் பொருத்தினார்கள்.

பிறகு ஏன் சாய்ந்தது?

பேராக் ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. ‘தெலுக்’ என்ற மலாய்ச் சொல்லுக்கே வளைவு, விரிகுடா என்று பொருள். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் மென்மையானது, ஈரமானது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1 டன். செங்கல் சுவரின் பாரத்தோடு தொட்டியின் பாரமும் சேர்ந்தபோது அடிமண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்கவில்லை. அதிகம் அமுங்கிய பக்கம் கோபுரம் சாய்ந்தது.

அயர்லாந்திலும் இப்படியா?

ஆமாம். அயர்லாந்தின் கிறிஸ்துவ மடாலயங்களில் சுமார் 10 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை ஒல்லியான வட்டக் கோபுரங்களைக் கல்லில் கட்டினார்கள். ஐரிஷ் மொழியில் அவற்றின் பெயருக்கு ‘மணி வீடு’ என்று பொருள்.

கால்வே மாவட்டத்தில் உள்ள கில்மக்டுவா கோபுரம் சுமார் 34 மீட்டர் உயரம். அதன் உச்சி அரை மீட்டருக்கும் மேல் விலகி நிற்கிறது. அடித்தளமோ ஆழமே இல்லாதது. அதன் அடியில் கோபுரத்துக்கும் முந்தைய கல்லறைகள் இருந்தன.

இந்தக் கோபுரங்களில் பலவற்றின் வாசல் தரையில் இல்லை. கிளெண்டலாக் கோபுரத்தில் அது சுமார் 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வைக்கிங் கொள்ளையர்களிடமிருந்து தப்பிக்கத்தான் அப்படி வைத்தார்கள் என்று முன்பு அதிகம் சொல்லப்பட்டது. இன்னொரு விளக்கமும் உண்டு: அடித்தளம் ஆழமில்லாதபோது கீழ்ச்சுவரில் வாசல் திறந்தால் கோபுரம் பலவீனமாகிவிடும்.

அப்படின்னா ஏன் விழலை?

ஒரு கட்டடத்தின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதுதான் ஈர்ப்பு மையம். அங்கிருந்து நேராகக் கீழே இறங்கும் கோடு அடிப்பகுதிக்குள் விழும்வரை கட்டடம் கவிழாது. தெலுக் இந்தான் கோபுரத்தின் அடிப்பகுதி அகலமானது, மேலே போகப் போகக் குறுகுகிறது. அதுதான் அதற்குப் பெரிய பலம்.

ஆனால் சாய்ந்த பக்கத்து மண்ணில் பாரம் கூடுதலாக இறங்கும். மண் மேலும் அமுங்கினால் சாய்வும் கூடும். இத்தாலியின் பைசா கோபுரத்தில் அதுதான் நடந்தது. 1990-இல் அதை மூடி, சாயாத பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்தது. 2001-இல் மறுபடியும் திறந்தார்கள். முழுசா நிமிர்த்தியிருந்தால் யார் பார்க்க வருவார்கள்?

நம்ம கோபுரத்துக்கு என்ன தேவை?

இப்போது இது குடிநீர்த் தொட்டியாகப் பயன்படுவதில்லை, சுற்றுலாத் தலமாகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடிப்பது கண்ணுக்குத் தெரியும். மண்ணில் நடக்கும் மாற்றம் தெரியாது. வெள்ளம், வடிகால், நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கம், பக்கத்தில் தோண்டும் பள்ளம் எல்லாமே அடிமண்ணைப் பாதிக்கும். அதனால் சாய்வை அளந்துகொண்டே இருப்பதும், சுற்றியுள்ள நிலத்தைக் கவனிப்பதும் பராமரிப்பில் முக்கியமான வேலைகள். கோபுரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அது நிற்கும் மண்ணைக் காப்பாற்ற வேண்டும்.