பாண்டியர் லாயத்தில் குதிரைகள் ஏன் செத்தன?

1290-களில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, இங்கிருந்த குதிரைகளைப் பற்றி ஒரு கணக்குத் தருகிறார். நாட்டை ஆண்ட ஐந்து அரசர்களும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் அவற்றில் நூறு கூட மிஞ்சாதாம். குதிரையைப் பேண இவர்களுக்குத் தெரியாது, குதிரை வைத்தியம் அறிந்த ஆளும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். சில ஆண்டுகளுக்குப் பின் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியதும் ஏறக்குறைய இதே குற்றச்சாட்டுதான். இந்த இரண்டு சாட்சியங்களும் சேர்ந்து, தமிழர்களுக்குக் குதிரை வளர்க்கவே வராது என்ற முடிவாகப் புத்தகத்துக்குப் புத்தகம் நகர்ந்து வந்திருக்கின்றன. குதிரைகள் பெருமளவில் செத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கொன்றது அறியாமை என்பதை ஏற்க முடியாது. இருக்கும் குதிரையைக் காப்பாற்றுவதைவிடப் புதிய குதிரையை வாங்குவதே எளிது என்று ஆக்கிவிட்ட ஒரு கொள்முதல் முறைதான் அந்தச் சாவுகளுக்கு முதற்காரணம்.

சாட்சிகள் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வஸ்ஸாப் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அல்லர். ஈரானில் இருந்துகொண்டு, வளைகுடா வணிகர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர். மார்க்கோ போலோ வந்தவர்தான். ஆனால் அவர் பழகிய உலகமும் கப்பல்களும் துறைமுகங்களும் வணிகர்களும் நிறைந்த உலகம். ஆகவே இரண்டு குரல்கள் ஒத்துப்போவதாகத் தோன்றினாலும், இரண்டுக்கும் ஊற்றுக்கண் குதிரை விற்றவர்களின் பேச்சாகவே இருக்கலாம். தான் விற்ற குதிரை ஆறு மாதத்தில் செத்துப்போனால் எந்த வணிகரும் பழியை வாங்கியவர் மேல்தான் போடுவார். மார்க்கோ போலோவே இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறார்: குதிரை வைத்தியர்கள் இந்த நாட்டுக்குப் போகாதபடி அந்த வணிகர்களே தடுத்தார்களாம், குதிரைகள் செத்தால்தான் மறு ஆண்டும் வியாபாரம் நடக்கும் என்பதால். இது உண்மையானால் வைத்தியர் இல்லாத குறை இந்நாட்டு மக்களின் மந்தத்தால் வந்ததல்ல, விற்றவர்கள் திட்டமிட்டு உண்டாக்கியது. அறியாமை என்ற குற்றச்சாட்டுக்கு எதிரான முதல் சான்று, குற்றம் சாட்டியவரின் நூலிலேயே இருக்கிறது.

அறியாமைக்கு அடையாளமாக அதிகம் காட்டப்படுவது தீவனம். குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த பார்லியும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்கள் என்கிறார் வஸ்ஸாப். இன்று படிக்கும்போது விநோதமாகத் தெரியும் இந்த உணவு, அந்தக் காலத்து அறிவுக்கு மாறானது அல்ல. குதிரைப் பொறுப்பாளரின் கடமைகளைச் சொல்லும் அர்த்தசாஸ்திரப் பகுதி, நல்ல குதிரைக்குத் தானியத்தோடு நெய்யோ எண்ணெயோ, உப்பு, இறைச்சி, தயிர் என்று படி அளக்கிறது. அக்பரின் லாயத்தில் நெய்யும் சர்க்கரையும் படியில் இருந்ததை அயினி அக்பரி பதிவு செய்கிறது. அரேபியாவின் தென்கரையில் இருந்த ஷிஹ்ர் துறைமுகத்தில் புல்லே முளைக்காததால் குதிரை, மாடு, ஒட்டகம் எல்லாம் சிறு மீன்களைத் தின்று வாழ்ந்தன என்று மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். அந்த ஷிஹ்ரிலிருந்துதான் குதிரைகள் இங்கே கப்பலேறின. மீன் தின்று வளர்ந்த குதிரை, இறைச்சி கலந்த சோற்றைத் தின்றதாலேயே செத்தது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? பிற்காலத்தில் மதராஸில் வெள்ளைக்கார அதிகாரிகளும் தங்கள் குதிரைகளுக்கு வேகவைத்த கொள்ளைத்தான் கொடுத்தார்கள்.

அதனால் தீவனத்தில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. குதிரையின் வயிறு மாட்டின் வயிறு போல அசைபோடும் வயிறு அல்ல. பெருங்குடலில் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நொதிக்க வைத்துப் பிழைக்கும் உயிர் அது. நாள் முழுவதும் புல் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். மாவுச்சத்து ஒரே நேரத்தில் அதிகமாகப் போனால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகும். சுமார் 400 கிலோ எடையுள்ள அரபுக் குதிரைக்கு நாளுக்கு 30 கிலோ பச்சைப்புல்லாவது வேண்டும். அப்படியானால் 2,000 குதிரைகளுக்குத் தினமும் 60,000 கிலோ. நெல் விளையும் ஆற்றுப்படுகையில், மாடுகளுக்கே மேய்ச்சல் போதாத இடத்தில், இந்தப் புல்லை யார் செதுக்கி யார் சுமப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். புல்லுக்கு ஆள் வைக்காதபோது தானியத்தையும் நெய்யையும் கூட்டிப் போடுவதுதான் அரண்மனைக்குச் சுலபமான வழி.

புல்லைப் போலவே பருவமும் கணக்கில் வர வேண்டும். சித்திரை, வைகாசியில் கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது குதிரையின் வியர்வை உலராது, உடல் சூடு தணியாது. சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்று, தோல் வறண்டு, நிழலில் நிற்கும்போதும் மூச்சு வாங்கும். விடியுமுன்னே ஓட்டி முடிப்பதும், காற்று ஊடாடும் கொட்டிலும், வேளாவேளைக்குத் தண்ணீரும் உப்பும் இல்லாமல் அந்த மாதங்களைக் கடக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை தலைகீழாகும். கொட்டில் தரை சேறாகி, குளம்பின் அடிப்பகுதி ஊறி அழுகும். வெட்டிய புல் காயாமல் பூஞ்சை பிடிக்கும். கொசுவும் கடி ஈயும் பெருகும். மாட்டின் வயிற்றுக்குள் தொந்தரவு தராமல் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுபோனால், அவை தண்டுவடத்தில் ஏறி இடுப்பை முடக்கிவிடும். கும்ரி என்று பெயர் பெற்ற நோய் இதுதான். மாடும் வயலும் தண்ணீரும் நெருங்கிய ஊரில் இதிலிருந்து தப்புவது கடினம். தையில் அறுவடை முடிந்து வைக்கோலும் தவிடும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வைக்கோலில் சத்து குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம், அதையே நம்பி வளரும் குதிரையின் எலும்பு வலுவிழக்கும். நல்ல ஆண் குதிரைக்கும் நல்ல பெண் குதிரைக்கும் பிறந்த குட்டி இங்கே கால் கோணி நின்றது என்று மார்க்கோ போலோ சொல்வதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

இந்தப் பின்னணியில் வஸ்ஸாப் தரும் ஒரு விவரத்தைக் கூர்ந்து படித்தால் உண்மை தெரியும். வந்திறங்கிய குதிரைகளை 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டி, நன்றாகக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்காமலேயே வீரர்கள் ஏறி முரட்டுத்தனமாக விரட்டுவார்களாம். சில நாளிலேயே குதிரை சோர்ந்து பயனற்றுப் போகுமாம். இதோடு வளைகுடாத் துறைமுகமான ஹோர்முஸின் கப்பல்களைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்னைநார்க் கயிற்றால் தைத்த பலகைக் கப்பலில் சரக்கை ஏற்றி, அதன்மேல் தோலைப் பரப்பி, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்தினார்கள். தென் அரேபியத் துறைமுகமான டோஃபாரிலிருந்து மலபாருக்கே நல்ல காற்றில் ஏறக்குறைய ஒரு மாதப் பயணம் என்கிறார் பயணி இபின் பதூதா. பாண்டியரின் துறைமுகமான காயலுக்குக் குமரிமுனையைச் சுற்றி இன்னும் வர வேண்டும். அத்தனை நாள் நகர இடமில்லாமல் நின்ற விலங்கை மறுபடியும் 40 நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, உடனே போருக்கு விரட்டினால் அது உலகின் எந்த நாட்டிலும் சாகும். கொழுத்த குதிரை பார்வைக்கு நன்றாக இருக்கும், கணக்குக் காட்ட உதவும். அதைப் பழக்குவதற்கோ மாதக்கணக்கில் பொறுமையும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் இந்த முறையில் இடம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பாண்டிய அரசு வளைகுடா வணிகர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தமே விடை சொல்கிறது. வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் தலைவர் ஜமாலுதீன் தன் லாயத்திலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்புக்கொண்டார். வளைகுடாத் துறைகள் எல்லாம் சேர்ந்து 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார், மொத்தம் 22 லட்சம் தினார் என்று வஸ்ஸாப் கணக்குச் சொல்கிறார். வழியில் குதிரை செத்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தர வேண்டும். ஜமாலுதீனின் தம்பி தகியுதீன் பாண்டிய அரசில் அமைச்சராகவும் காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார். விற்பவரும் வாங்கும் அரசின் ஆலோசகரும் ஒரே குடும்பம். செலவுக்கான பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த பெண்கள் செலுத்திய வரியிலிருந்தும் வந்தது. ஆக, குதிரை செத்தால் விற்றவருக்கு நட்டம் இல்லை, வாங்கச் சொன்னவருக்கும் நட்டம் இல்லை. நட்டப்பட்டவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இது பாண்டியரோடு ஓய்ந்துவிட்ட ஏற்பாடும் அல்ல. விஜயநகர மன்னர் சாளுவ நரசிம்மர் காலத்தில் கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே முழு விலையும் கொடுக்கப்பட்டது என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். அரசுகள் மாறின, தலைநகரம் மாறியது, ஆனால் சாவின் செலவை வாங்குபவரே ஏற்கும் விதி மாறவில்லை. விலை கொடுப்பதற்கு அரசிடம் திட்டம் இருந்தது. பேணுவதற்கு அதே அளவு திட்டம் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழி தட்பவெப்பத்தின்மேல்தானே, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் இந்த மண்ணில் குதிரை நிலைக்காதே என்று கேட்கலாம். மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் படைக்குக் குதிரை வளர்க்க இடம் தேடியபோது கடற்கரையை விட்டு மேட்டு நிலமான ஓசூருக்குப் போனார்கள். திப்பு காலத்தோடு தொடர்புடைய குனிகல் குதிரைப் பண்ணையும் மைசூர் மேட்டு நிலத்தில்தான் இருக்கிறது. குதிரைகளைக் கொல்லும் சுர்ரா என்ற நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் கண்டுபிடித்தது 1880-இல்தான். அதுவரை உலகில் யாருக்கும் தெரியாத ஒன்றைப் பாண்டியர் அறியவில்லை என்று குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மதராஸ் வெயிலில், அதே மழையில் நூற்றாண்டுக் கணக்கில் குதிரைகள் வாழ்ந்தும் இருக்கின்றன. குதிரைக்காரர் ஒருவர், புல்வெட்டி ஒருவர் என்று ஒவ்வொரு குதிரைக்கும் ஆள் வைத்தது அதற்குப் பெரிய காரணம். புல்வெட்டிகள் வரப்பிலும் மேட்டிலும் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டார்கள். தட்பவெப்பம் குதிரை வைத்திருப்பதைக் கடினமாக்குகிறது, முடியாததாக்கவில்லை. அந்தக் கடினத்தை வெல்வது ஆள்கூலியும் அன்றாடக் கவனமும்தான்.

எண்களையே நம்பக்கூடாது என்பது இன்னொரு மறுப்பு. அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்து திரும்பியபோது 5,000 குதிரைகளைக் கொண்டுபோனதாக டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதுகிறார். ஹொய்சாளத் தலைநகர் துவாரசமுத்திரத்தில் கிடைத்ததையும் சேர்த்து 20,000 என்கிறார் டெல்லி வரலாற்றாசிரியர் பரணி. வெற்றியைப் பெரிதாக்கிச் சொல்லும் வழக்கத்துக்காகப் பாதியைக் கழித்தாலும், ஆண்டு முடிவில் 2,000-இல் நூறு கூட மிஞ்சாத நாட்டில் இத்தனை குதிரைகள் எங்கிருந்து வந்திருக்கும்? மிஞ்சியவை பல இருந்தன, அவற்றை மிஞ்ச வைத்தவர்களும் இருந்தார்கள் என்பதே விடை. அந்தக் கைகள் திடீரென்று முளைத்தவையும் அல்ல. கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். ஓர் ஆண்டில் எல்லாம் செத்துவிடும் சரக்கை ஒரு சமூகம் ஆயிரம் ஆண்டு விடாமல் வாங்கியிருக்காது.

இந்தச் செலவு நாட்டைக் குடைந்தது என்பதை மக்களும் உணர்ந்திருந்தார்கள் என்றே கருதுகிறேன். குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி வந்து இரவோடிரவாக மறுபடியும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்ததும் பக்திக் கதைதான், வரலாற்றுச் சான்று அல்ல. ஆனாலும் அது குதிரைப் பொன் கோயிலுக்குப் போன கதை. வஸ்ஸாப் சொல்வதோ கோயில் பொன் குதிரைக்குப் போன கணக்கு. கோயிலுக்கும் லாயத்துக்கும் நடுவே கருவூலம் இழுபட்டதும், வாங்கிய குதிரை கையில் தங்காததும் இந்த நாட்டின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்பதற்கு, மதுரையில் இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் நடக்கும் அந்தத் திருவிளையாடல் போதிய சாட்சி.

ஒரு சமூகத்துக்கு ஒரு தொழில் தெரியாது என்று எழுதுவதற்கு முன், அந்தத் தொழிலுக்கு யார் பணம் போட்டார்கள், எதற்குப் போடவில்லை என்று பார்த்தாக வேண்டும். பாண்டிய நாட்டில் விலைக்குப் பொன் இருந்தது. பருவம் அறிந்து கொட்டிலை மேடாக்கவும், குளம்பைத் துடைத்து உலர்த்தவும், வெயிலுக்கு முன் குதிரையை நடத்தவும், புல் செதுக்கவும் வேண்டிய மனிதர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. அவர்களுடைய அறிவுக்கு ஒப்பந்தத்திலும் இடம் இல்லை, பயணிகள் எழுதிய ஏடுகளிலும் இடம் இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை இன்றும் நடக்கிறது. பராமரிக்க முடியுமா என்ற கணக்கைச் சொந்தக் காசில் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்களின் சந்தை அது. குதிரை செத்தால் நட்டம் தன் வீட்டுக்கு என்று அறிந்தவர் கையில் அது பிழைக்கிறது. பாண்டியர் லாயத்தில் இல்லாமல்போனது அந்தப் பொறுப்புதான். அறிவு இருந்தது.